பூத்த கிழங்கு மறுபடி பூக்காது

சம்பங்கி போட்டிருக்கும் நண்பர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது ஒரே கேள்விதான். "மொத வருசம் நல்லா பூத்துச்சுங்க. ரெண்டாம் வருசம் கொட்டிக் குடுத்துச்சு. மூணாம் வருசம் தண்டு குட்டையாகி, பூ சிறுத்துப் போச்சு. கெழங்கு கெட்டுப்போச்சுங்களா? ஓட்டி அழிச்சுப் போடலாமா?"

பெரும்பாலான தோட்டங்களில் கிழங்கு கெட்டுப்போயிருக்காது. இடம் இல்லாமல் நெருக்கிக்கொண்டு நிற்கும், அல்லது வேரில் நூற்புழு ஏறியிருக்கும். பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். இது தெரியாமல் வயலை ஓட்டி அழிப்பவர்கள், மண்ணுக்குள் இருக்கும் அடுத்த நடவுக்கான விதைக்கிழங்கையும் சேர்த்தே அழிக்கிறார்கள். இன்னொரு சாரார் உரக்கடைக்குப் போய்க் குருணை மருந்தும் யூரியாவும் வாங்கிவந்து போடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். சத்தியமங்கலம் பக்கத்தில் 40 சென்டில் ரசாயனம் இல்லாமல் சம்பங்கி வைத்திருப்பவன் என்ற முறையில், எங்கள் தோட்டத்தில் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

செடியின் குணம்

நிலச்சம்பங்கி நம் நாட்டுச் செடி அல்ல. மெக்சிகோவில் இருந்து ஐரோப்பியர் வழியாக இங்கே வந்தது. நம் பழைய நூல்களில் வரும் சண்பகம் ஒரு மரம். அதற்கும் இதற்கும் பெயரளவில்தான் ஒற்றுமை. ரயில் பாதை ஓரங்களில் முள்ளோடு நிற்குமே, ரயில் கற்றாழை, அதற்குத்தான் இது நெருங்கிய சொந்தம். அந்தக் கற்றாழை என்ன செய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். பல வருஷம் இலையாகவே இருந்து, ஒருமுறை உயரமாகத் தண்டு விட்டுப் பூத்து, தாய்ச்செடி காய்ந்துபோகும். காலடியில் கன்றுகள் நிற்கும்.

சம்பங்கியும் அதே கதைதான், ஆனால் மண்ணுக்குள் நடக்கிறது. ஒரு கிழங்கு ஒரே ஒரு தண்டுதான் விடும். பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதைச் சுற்றிப் பக்கக் கிழங்குகள் பிறக்கும். அவை பருத்த பிறகு, அடுத்த தண்டுகள் அவற்றில் இருந்துதான் வரும். வருஷக்கணக்கில் ஒரே தூர் பூப்பதாக நமக்குத் தெரிகிறது. உண்மையில் அம்மா, மகள், பேத்தி என்று ஒரு குடும்பமே வரிசையாகப் பூக்கிறது.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பராமரிப்பு முழுவதும் புரிந்துவிடும். இன்றைக்குப் பூக்கும் தண்டு போன வருஷம் போட்ட எருவின் பலன். இன்றைக்கு நாம் போடும் எரு அடுத்துப் பருக்கப்போகும் கிழங்குக்கு. விலை இல்லை என்று இந்தப் பட்டத்தில் தோட்டத்தைக் கவனிக்காமல் விட்டால், விலை ஏறும் நேரத்தில் தண்டு இருக்காது.

கிழங்கும் நடவும்

தண்ணீர் தேங்காத செம்மண், வண்டல் கலந்த மண் ஏற்றது. களிமண்ணில் கிழங்கு அழுகும். நிழல் ஆகாது. தென்னைக்கு நடுவே போட்டால் இலை மட்டும் நீளமாக வளரும், தண்டு குறையும்.

உதிரிப்பூவுக்கு ஒற்றை அடுக்கு ரகம், பூங்கொத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் இரட்டை அடுக்கு ரகம். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பிரஜ்வல், ஸ்ருங்கார் இரண்டும் ஒற்றை அடுக்கு. சுவாசினி, வைபவ் இரண்டும் இரட்டை அடுக்கு. பிரஜ்வலில் மொக்கு பருமனாக, நுனியில் லேசான இளஞ்சிவப்போடு இருக்கும், எடை நிற்கும். ஸ்ருங்கார் வேர்முடிச்சு நூற்புழுவை ஓரளவு தாங்கும். நூற்புழு இருந்த மண்ணுக்கு நான் ஸ்ருங்காரைத்தான் சொல்வேன்.

கிழங்கு 25 முதல் 30 கிராம் இருக்க வேண்டும். தோண்டியதும் நடக்கூடாது. நிழலில் ஒரு மாதம் பரப்பிவைத்து ஓய்வு கொடுத்தால் முளைப்பு ஒரே சீராக இருக்கும். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. அந்தக் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 45,000 கிழங்கு வேண்டும். நான் வரிசைக்கு இரண்டு அடி, கிழங்குக்கு ஓர் அடி விட்டிருக்கிறேன். முதல் வருஷம் பூ கொஞ்சம் குறையும். ஆனால் காற்றோட்டம் கிடைக்கிறது, மூடாக்குப் போட இடம் கிடைக்கிறது, பூ எடுக்க வருகிறவர்கள் தண்டை ஒடிக்காமல் நடக்கிறார்கள். முக்கியமாக, தூர் நெருங்குவது தள்ளிப்போகிறது.

நடவுக்கு ஆனி, ஆடி நல்ல பட்டம். கடைசி உழவில் ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழு உரம். அதோடு 50 கிலோ மக்கிய சாணத்தில் ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடியைக் கலந்து, நிழலில் ஈரமாக ஒரு வாரம் வைத்திருந்து தூவிவிடுகிறோம். கிழங்கைப் பஞ்சகவ்யாவில் நனைத்து (100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர்), நிழலில் உலர்த்தி நடவேண்டும். முளை மேலே பார்த்திருக்க, ஓர் அங்குல ஆழம் போதும். நட்ட மூன்று, மூன்றரை மாதத்தில் முதல் தண்டு எட்டிப்பார்க்கும்.

உயரமான தண்டு சாயாமல் இருக்க

தண்டு மூன்று, நான்கு அடி உயரம் போகும். தலைப்பாரம் முழுவதும் நுனியில். ஆடிக்காற்றிலும் ஐப்பசி மழையிலும் தண்டு சாய்ந்தால் மொக்கு மண்ணில் புரண்டு கறுத்துவிடும். அந்தப் பூவை மண்டியில் தொடமாட்டார்கள்.

சாய்வதைத் தடுக்கும் வேலை மூன்று. முதலாவது, மண் அணைப்பது. நட்ட இரண்டாம் மாதமும், பிறகு ஒவ்வொரு களையெடுப்பின்போதும் தூரைச் சுற்றி மண்ணை ஏற்றிவிட வேண்டும். வெளியே தெரியும் கிழங்கு வெயிலில் வதங்கும், தண்டுக்கும் பிடிமானம் இருக்காது.

இரண்டாவது, தழைச்சத்தை அளவோடு கொடுப்பது. யூரியா போட்ட தோட்டத்தில் தண்டு கொழுகொழுவென்று இருக்கும். ஒரு காற்றுக்குத் தாங்காது. நாமும் கோழி எருவைப் பச்சையாக அள்ளிக்கொட்டினால் இதே நிலைமைதான். இயற்கை உரம்தானே என்று அளவு மீறக்கூடாது.

மூன்றாவது, கயிறு. ஒற்றை அடுக்கு ரகத்துக்குக் காற்று அடிக்கும் ஓரத்தில் மட்டும் போதும். இரட்டை அடுக்கு என்றால் பாத்தியின் இரு பக்கமும் பத்தடிக்கு ஒரு மூங்கில் குச்சி நட்டு, இரண்டடி உயரத்தில் தேங்காய்நார்க் கயிறு இழுத்துக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு தண்டுக்கும் தனித்தனியாகக் குச்சி கட்ட ஆளும் கிடைக்காது, கூலியும் கட்டுப்படியாகாது. காற்று வரும் பக்கம் இரண்டு வரிசை அகத்தி விதைத்துவிட்டால் மாட்டுக்குத் தீவனமும் ஆச்சு, வேலியும் ஆச்சு. நிழல் விழாத தூரத்தில் விதைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பறிப்பதும் வெட்டுவதும்

சம்பங்கி இரவில் மணக்கும் பூ. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிக்காக வைத்திருக்கும் மணம் அது. உதிரிப்பூவுக்கு, விரியும் நிலையில் உள்ள மொக்கை வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். எங்கள் பகுதியில் விடியற்காலை நாலு மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலை தொடங்கிவிடும். எட்டு மணி தாண்டினால் எடையும் குறையும், நிறமும் மங்கும். இரட்டை அடுக்கைத் தண்டோடு வெட்டுபவர்கள், அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததும் வெட்டி உடனே தண்ணீரில் நிறுத்தவேண்டும்.

விலை இல்லாத நாளில் பூவை எடுக்காமல் விடுபவர்கள் உண்டு. செடியில் அழுகும் பூ இலைப்பேனுக்கும் மொக்குப் புழுவுக்கும் விருந்து. பத்து ரூபாய்க்குக் குறைந்தாலும் எடுத்துவிடுவதுதான் செடிக்கு நல்லது. மண்டிக்குப் போகாத பூவைத் தைல ஆலைக்காரர்கள் எடுத்தால் சரி, இல்லையென்றால் உரக்குழிக்குப் போகட்டும்.

பூத்து முடிந்த தண்டை உடனே அடியோடு வெட்டவேண்டும். பலரும் விடுவது இந்த வேலையைத்தான். மொட்டைத் தண்டு நின்றால் செடியின் சத்து அதில் வீணாகும், தூருக்குள் வெளிச்சமும் போகாது. நாங்கள் வாரம் ஒருநாள் அரிவாளோடு ஒரு சுற்று வருகிறோம். நோய் இல்லாத தண்டை அங்கேயே வரிசை நடுவில் மூடாக்காகப் போடுகிறோம். இலையை மட்டும் அறுக்காதீர்கள். அடுத்த கிழங்கைப் பருக்கவைப்பது அந்த இலைதான். வருஷத்துக்கு ஒருமுறை, பூ ஓய்ந்திருக்கும் குளிர்மாதத்தில், பழுத்துச் சாய்ந்த இலைகளை மட்டும் கழித்து, எரு வைத்து, மண் அணைத்துத் தண்ணீர் விட்டால் கோடையில் புதுத்தண்டு கிளம்பும்.

சாப்பாடும் தண்ணீரும்

மாதம் இருமுறை ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் பாசன நீரோடு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி பஞ்சகவ்யா. தண்டு கிளம்பும் சமயத்தில் ஒருமுறை பஞ்சகவ்யாவுக்குப் பதில் மீன் அமிலம், டேங்குக்கு 100 மில்லி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூருக்கு இரண்டு கை மண்புழு உரம். சாம்பல் கிடைத்தால் அதையும் தூவலாம். கிழங்குப் பயிர் எல்லாவற்றுக்கும் சாம்பல்சத்து பிடிக்கும்.

தண்ணீர் வாரம் ஒருமுறை, கோடையில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை. மூடாக்கு இருந்தால் இன்னும் தள்ளிப்போடலாம். எங்கள் பகுதியில் கரும்புச் சோகைக்குப் பஞ்சமில்லை. அதை வரிசை நடுவில் அரை அடி கனத்துக்குப் போட்டால் களையெடுப்பு பாதியாகிறது. கோரை மட்டும் மூடாக்கையும் துளைத்துக்கொண்டு வரும். அதைக் கிழங்கோடு தோண்டுவதைத் தவிர வழியில்லை. நடவுக்கு முன்பே கோரையை ஒழித்துவிட்டு ஆரம்பிப்பவர்கள் பாக்கியசாலிகள்.

மழை தொடர்ந்தால் தண்டழுகல் வரும். இலையின் அடியில் வெள்ளைப் பூசணமும், கடுகு போன்ற உருண்டைகளும் தெரியும். அந்தத் தூரைச் சுற்றுமண்ணோடு தோண்டி வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு, குழியிலும் பக்கத்துத் தூர்களிலும் டிரைக்கோடெர்மா கலந்த எருவை வைக்கவேண்டும். வடிகால் சரியாக இருந்தால் இந்த நோய் பரவாது.

நூற்புழு

சம்பங்கிக்காரனைத் தூங்கவிடாத எதிரி இதுதான். கண்ணுக்குத் தெரியாது. செடி வெளிறும், தண்டு குட்டையாகும், தண்ணீர் இருந்தும் மதியத்தில் வாடும். நாம் சத்துக்குறைவு என்று நினைத்து எருவைக் கொட்டிக்கொண்டிருப்போம். சந்தேகம் வந்தால் ஒரு தூரைத் தோண்டி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரில் சின்னச்சின்ன முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு.

இதற்குத்தான் குருணை மருந்தைப் போடச் சொல்கிறார்கள். குருணை போட்டால் மண்புழுவும் போகும், நூற்புழுவைத் தின்னும் பூஞ்சைகளும் போகும். சில மாதத்தில் நூற்புழு திரும்பி வரும், அதைப் பிடிக்கிறவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

நாங்கள் செய்வது: ஏக்கருக்கு 400 கிலோ வேப்பம் புண்ணாக்கு, நடவின்போது பாதி, ஆறு மாதம் கழித்து மீதி. வேர்க்கரையில் போட்டு மண்ணால் மூடவேண்டும். பாத்தி ஓரங்களில் செண்டுமல்லி. அதன் வேரில் இருக்கும் பொருள் நூற்புழுவுக்கு ஆகாது. ஆனால் நாலு ஓரத்தில் நாலு செடி வைத்தால் போதாது, நெருக்கமாக இருக்கவேண்டும். நூற்புழு கடுமையாக இருந்த நிலத்தில் சம்பங்கிக்கு முன்னால் ஒரு போகம் முழுக்கவே செண்டுமல்லியோ சணப்பையோ போட்டு, செடியை அங்கேயே மடக்கி உழுவது நல்ல வழி. பேசிலோமைசிஸ் என்று விற்கும் நன்மை செய்யும் பூஞ்சையையும் வேப்பம் புண்ணாக்கோடு கலந்து கொடுக்கலாம். தக்காளி, கத்திரி, வெண்டை எடுத்த நிலத்தில் உடனே சம்பங்கி போடாதீர்கள். அவையும் இந்த நூற்புழுவுக்கு வீடுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, நூற்புழு வந்த தோட்டத்துக் கிழங்கை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

இலைப்பேன், அசுவினிக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலும் மஞ்சள், நீல ஒட்டும் அட்டைகளும் எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. தெளிப்பை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பூ எடுத்த பிறகு, மறுநாள் மொக்கில் வாசம் நிற்காத அளவுக்கு நேரம் கொடுக்கவேண்டும்.

சாப்பிடாத பயிர் என்ற பேச்சு

"பூவை யாருங்க திங்கப் போறாங்க? மருந்தடிச்சா என்ன?" என்று கேட்காத ஆள் இல்லை. கத்திரிக்காயில் விஷம் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள்கூடப் பூவை விட்டுவிடுகிறார்கள். முதலில் அந்தப் பூவோடு இருப்பவர் யார் என்று பாருங்கள். மாலை வாங்குகிறவருக்கு அது ஒரு மணி நேரம். தலையில் வைக்கும் பெண்ணுக்கு ஒரு பகல். பூ எடுக்கும் பெண்ணுக்கோ தினமும் நாலு மணி நேரம், வெறும் கையோடு, பனி ஈரத்தில், மூக்குக்கு நேராகத் தண்டு. முந்தின மாலை அடித்த மருந்து இலையில் காய்ந்திருக்காது.

எங்கள் தோட்டத்துக்குப் பூ எடுக்க வரும் அக்கா ஒருவர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "பேங்க்கய்யா காட்டுல எடுத்தா தல வலிக்கறதில்லீங்க. கையும் அரிக்கறதில்ல." எங்களுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை, ஆனால் இந்தப் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. முகூர்த்த நாளில் ஊரெல்லாம் ஆள் பற்றாக்குறையில் தவிக்கும்போது எங்கள் வயலுக்கு ஆள் வந்துவிடுகிறது. கூலி எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

வரவு செலவு

பேங்க்கில் முப்பது வருஷம் பயிர்க்கடன் தாள்களைப் பார்த்த பழக்கத்தில் தினமும் எழுதிவைக்கிறேன். கரும்புக்காரருக்குப் பணம் எப்போதோ ஒருநாள் மொத்தமாக வரும். சம்பங்கியில் தினமும் கொஞ்சம் வரும். அந்தத் தினசரிக் காசுதான் சிறு விவசாயியைக் கைமாற்று வட்டியில் இருந்து காப்பாற்றுகிறது. ஆனால் விலை நிலையில்லாதது. ஒரே வருஷத்தில் கிலோ பத்து ரூபாய்க்கும் கொடுத்திருக்கிறேன், இருநூறுக்கு மேலும் கொடுத்திருக்கிறேன். முகூர்த்தமும் ஆயுத பூஜையும் தூக்கிவிடும், அடுத்த வாரமே இறங்கிவிடும். அதனால் உச்சவிலையை வைத்துக் கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள்.

என் நோட்டில் செலவில் பாதிக்கு மேல் பறிப்புக் கூலிதான். அடுத்தது வண்டி வாடகையும் மண்டி கமிஷனும். இந்த மூன்றையும் நம்மால் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது இரண்டு: ஒன்று இடுபொருள், மாடு இருந்தால் அது வீட்டிலேயே இருக்கிறது. இன்னொன்று விதைக்கிழங்கு. வீட்டு ஆட்கள் எடுக்கும் அளவுக்கு, 20 சென்ட், 25 சென்ட் என்று ஆரம்பிப்பதே புதியவர்களுக்கு நல்லது.

மூன்றாம் வருஷம் செய்ய வேண்டியது

முதல் கேள்விக்கு வருவோம். மூன்றாம் வருஷம் ஒரு தூரைத் தோண்டிப் பாருங்கள். ஒரு கிழங்கு நட்ட இடத்தில் எங்கள் தோட்டத்தில் இருபதுக்குக் குறையாமல் இருக்கிறது. பூத்து முடிந்த தாய்க்கிழங்கு சக்கையாக நடுவில் இருக்கும். சுற்றிலும் பருத்ததும் சிறுத்ததும் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். இத்தனைக்கும் அதே பழைய இடத்தில் சாப்பாடு எங்கே கிடைக்கும்? அதுதான் தண்டு குட்டையாகிறது.

பூ ஓயும் காலத்தில் தண்ணீரை நிறுத்துங்கள். இலை மஞ்சளாகிக் காய்ந்ததும் அறுத்துவிட்டு, கடப்பாரையோ முள்கொத்தோ போட்டுத் தூரோடு கிளப்புங்கள். மண்ணை உதறி, கையால் பிரித்து, மூன்றாகத் தரம் பிரியுங்கள். 25 கிராமுக்கு மேல் இருப்பது நடவுக்கு. கோலிக்குண்டு அளவு உள்ளதைத் தனிப் பாத்தியில் நெருக்கமாக நட்டால் அடுத்த வருஷம் விதைக்கிழங்காகும். சக்கை, அழுகல், வேரில் முடிச்சு உள்ளது எல்லாம் தீக்கு. நல்லதை நிழலில் பரப்பி, இரண்டு நாளைக்கு ஒருமுறை புரட்டிவிட்டு ஒரு மாதம் வையுங்கள். மூட்டையில் கட்டிவைத்தால் வெந்துபோகும். பழைய இடத்திலேயே நடாமல் அங்கே சணப்பை விதைத்துவிட்டு வேறு துண்டில் நடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வருஷம் கிளப்ப வேண்டாம். தோட்டத்தை மூன்று துண்டாக்கி வருஷத்துக்கு ஒன்று என்று சுழற்றினால் எப்போதும் இரண்டு துண்டு பூத்துக்கொண்டிருக்கும், தினசரிக் காசு நிற்காது. நாங்கள் 40 சென்டை அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

வீட்டுத்தோட்டக்காரர்களுக்கும் இதே பாடம்தான். ஓர் அடி அகலத் தொட்டியில் மூன்று கிழங்கு, நல்ல வெயில், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, பூத்த தண்டை வெட்டுவது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து நடுவது. ஜன்னல் பக்கம் வைத்தால் ராத்திரி வீடே மணக்கும்.

நம் இயக்க நண்பர்கள் கூடும் இடங்களில் நெல் விதை கைமாறுகிறது, காய்கறி விதை கைமாறுகிறது. சம்பங்கிக் கிழங்கும் அப்படிக் கைமாற வேண்டும். மூன்றாம் வருஷம் தோண்டும் ஒவ்வொருவரிடமும் தேவைக்கு மேல் பல மடங்கு கிழங்கு இருக்கும். நூற்புழு இல்லாத, மருந்து படாத கிழங்கை நமக்குள் கொடுத்து வாங்கினால் புதிதாக ஆரம்பிப்பவருக்கு நடவுச் செலவில் பெரும்பகுதி மிச்சம். கொடுப்பவர் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: வேரைக் கழுவி, முடிச்சு இல்லை என்று பார்த்த பிறகே கொடுக்கவேண்டும்.